ஈ, பி, ஆர் மூன்றும் உள்ள சொற்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், செம்பவாங் கடற்படைத் தளத்தின் நான்காம் நம்பர் ஸ்டோரில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் நான் நூற்றுப் பதினேழு இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதினேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமே நான்கு வார்த்தைதான்: யெஸ், நோ, சார், டீ.

நம்ப வேண்டாம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் முகைதீன் பாயின் தேத்தண்ணிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எட்டு வருடம் இதைச் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், கடைசியில் பாதியாவது நம்பினார்கள். ஒருத்தன் மட்டும் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன், என் தட்டில் சாப்பிட்டவன், போட்டி நடந்தபோது என் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவன். பெயர் இஞ்ஞாசி.

"புளுகன்யா இவன். பேர் மருதப்பன், வேலை புளுகு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என் உண்மையான வேலை பெட்டிக்குப் பெயர் போடுவது. ஸ்டோரிலிருந்து கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு மரப்பெட்டியின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். அதற்கு எழுத்து வடிவம் வெட்டிய பித்தளைத் தகடுகள் உண்டு, எழுத்துக்கு ஒன்றாக இருபத்தாறு. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு சீட்டில் வார்த்தையை எழுதிக் கொடுப்பார். நான் அதே வடிவத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்து, கறுப்புச் சாயத்தைத் தூரிகையால் ஒத்தி எடுப்பேன். தகட்டில் வெட்டிய எழுத்தின் நடுத்துண்டு கழன்று விழாமல் இருக்கக் குறுக்கே சின்னப் பாலம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் சாயம் ஒட்டாது, எழுத்து உடைந்த மாதிரி நிற்கும். வெள்ளைக்காரன் எழுத்தே அப்படித்தான், அங்கங்கே உடைத்து எழுதுவதுதான் அதற்கு அழகு என்று நான் நினைத்திருந்தேன். கடிதத்தில் விலாசம் எழுதினாலும் உடைத்துத்தான் எழுதுவேன்.

ஐம்பத்தாறில் மூன்று தகடுகள் கெட்டுப்போயின. பி-யிலும் ஆர்-இலும் பாலம் ஒடிந்தது. ஈ தேய்ந்தே போய்விட்டது, அந்த எழுத்தில்லாமல் வெள்ளைக்காரனுக்கு மூச்சு விட வராது போல. புதுத் தகடு கேட்டு லண்டனுக்கு எழுதினார்கள். இரண்டு வருடம் பதிலே இல்லை. அதுவரை அந்த மூன்று எழுத்தையும் நான் மெல்லிய தூரிகையால் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. ஒரு வார்த்தையில் மூன்றில் ஒன்று வந்தால் ஒரு வசவு. இரண்டு வந்தால் இரண்டு. மூன்றும் வந்துவிட்டால் அந்தப் பெட்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவேன். என் வலது கை இடது கையைவிட இரண்டு அங்குலம் நீண்டது அந்தக் காலத்தில்தான். வேண்டுமானால் அளந்து பார்க்கலாம்.

அப்படித் திட்டிய பெட்டிகள் மறக்குமா? அடித்த வாத்தியாரின் முகம் மாதிரி ஒவ்வொன்றும் மனதில் நின்றது. ரோப், பேப்பர், பெப்பர், காப்பர், ஸ்பேனர், கம்ப்ரஸர், டர்பன்டைன், ப்ரொப்பெல்லர். இப்போது இப்படி வாயால் சொல்கிறேன். அன்றைக்கு அவற்றின் சத்தம் எனக்குத் தெரியாது. முகம் மட்டும்தான் தெரியும்.

போட்டி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். பூவம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

பூவம்மாவைக் கட்டிய பதினெட்டாம் நாள் கப்பலேறினவன் நான். ஐம்பத்து நாலு முடியப்போகும் சமயம். வந்து பார்த்தால், கூலிகள் தங்கும் லயனில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு ஆம்பளை. பெண்டாட்டியை எங்கே வைப்பது, கூரையிலா? தினக்கூலிக்காரனுக்குக் குடும்பக் குவாட்டர்ஸ் கிடையாது. ஆபீசுக் கிரேடு ஏறினால்தான் ஓர் அறையும் அடுப்படியும். இதற்கிடையே, சீக்கிரம் ஒரு சட்டம் வரப்போகிறது, ஐந்து வருடம் பிரிந்து கிடந்த பெண்டாட்டியை அப்புறம் உள்ளே விடமாட்டார்கள் என்று லயன் முழுக்கப் பேச்சு. எனக்கு மூன்று வருடம் ஏற்கெனவே ஓடிவிட்டது. இஞ்ஞாசிக்கும் அதே கதை. அவன் மனைவி பிரிஜட் வேளாங்கண்ணிப் பக்கம் காத்திருந்தாள்.

அப்போதுதான் ஸ்டோரில் ஒரு டாலி கிராணி வேலை காலியானது. லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. டாலி கிராணி எதையும் இரண்டு தடவை எண்ண வேண்டும், அதுதான் அந்த வேலையின் ஒரே சட்டம். அதோடு குவாட்டர்ஸ் சாவியும் வரும். நான் அன்றைக்கே ஜாலான் புசாரில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, பெயரை இஞ்ஞாசியிடம் எழுதி வாங்கி, மூடியில் பூவம்மா என்று இங்கிலீஷில் சாயம் போட்டுவிட்டேன். வேலை கிடைக்குமுன் பெட்டி தயார். அவ்வளவு பெரிய மடையன்.

ஸ்டோர் துரை வில்காக்ஸ், காலையில் வந்ததும் பேப்பரை விரித்துக் கட்டம் கட்டமாக எழுத்து நிரப்பும் விளையாட்டில் உட்கார்ந்தால், பத்து மணிக்குத்தான் தலையைத் தூக்குவார். கடற்படையே மூழ்கினாலும் அந்தக் கட்டம் நிரம்பிய பிறகுதான் மூழ்க வேண்டும். இஞ்ஞாசியோடு சேர்த்து ஆறு பேர் மனுப் போட்டார்கள், எல்லார் கையிலும் சிபாரிசுக் கடிதம். படித்துப் படித்துச் சலித்துப்போன துரை, சனிக்கிழமை எல்லாரையும் ஸ்டோருக்கு வரச் சொன்னார். நானும் போய் ஏழாவதாக உட்கார்ந்தேன்.

பெரிய கிராணி அழகப்பன் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர்.

"மருதப்பா, பெஞ்சைத் துடைக்க வந்தியா?"

"இல்லீங்கய்யா. பரிச்சை எழுத."

"உன் பேரை எழுதிக் காட்டு, போதும்."

"அதுல ஈ வரலீங்கய்யா."

அவருக்கு விளங்கவில்லை. உண்மையில் எனக்கும் அப்போது எதுவும் விளங்கியிருக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அடுத்த நிமிடம் துரை மேசை மேல் இருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு வருடம் கழித்து அந்த வாரம்தான் லண்டனிலிருந்து வந்திருந்தது. உள்ளே பளபளவென்று மூன்று பித்தளைத் தகடுகள். துரை அவற்றைத் தூக்கிப் பிடித்தார். முகத்தில் பேப்பர் கட்டம் நிரம்பிய சந்தோஷம். அழகப்பன் தமிழில் சொன்னார்: "இந்த மூணு எழுத்தும் உள்ள வார்த்தையா எழுதணும். வேற எழுத்து எத்தனை வேணாலும் இருக்கலாம், இந்த மூணும் கட்டாயம் இருக்கணும். அரை மணி. யாரு அதிகமா எழுதுறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை."

ஈ. பி. ஆர்.

மாரியம்மன் நேரில் வந்து வரம் கொடுத்திருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாகக் கேட்டிருக்க மாட்டேன். குனிந்தேன். எழுதினேன். பென்சில் புகைந்தது. பக்கத்து ஆள் தண்ணீர் எடுக்க எழுந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் திட்டிய ஒவ்வொரு பெட்டியும் வரிசையில் வந்து, அண்ணே என்னையும் எழுதிக்கங்க என்று நின்றது. உடைந்த எழுத்தாகவே, பாலம் விட்டு விட்டு, அச்சடித்த மாதிரி எழுதினேன். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், நகத்தைக் கடித்தார்கள். சுற்றிலும் அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றின் மேலும் என் கையெழுத்துதான். நான் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் வரிசையில் நிற்கும் வார்த்தை கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பயம்.

மணி அடித்ததும் பெஞ்சின் ஓரத்தில் இருந்த இஞ்ஞாசி தாள்களை வாங்கி அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மற்றவர்கள் இருபது, இருபத்தைந்து. இஞ்ஞாசி முப்பத்தெட்டு. துரை என் தாளைப் பார்த்தார். சிரித்தார். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மறுபடி சிரித்தார். ஒரு வார்த்தையில் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அழகப்பன் இரண்டு பக்கமும் மொழி மாற்றிச் சொன்னார்.

காப்பர். "ரெண்டு ஆள் தூக்கணுங்க. ஒருத்தன் தூக்குனா குடல் இறங்கிரும்."

பெரிஷபிள். "கடைசியா ஏத்தி முதல்ல இறக்கணும். இல்லேன்னா நாறும்."

கன்பவுடர். "கிட்ட நின்னு பீடி குடிக்கக் கூடாது."

துரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொன்றில் விரலை வைத்தார். எக்ஸ்பயர்ட். அது பெட்டியில் முதலிலேயே எழுதுகிற வார்த்தை இல்லை. காலாவதியான மருந்து, டின் சாப்பாடு எல்லாவற்றின் மேலும் பிறகு சிவப்புச் சாயத்தில் போடுவது. நான் வாயால் சொல்லவில்லை. இரண்டு கையாலும் ஒரு பெட்டியைத் தூக்கி ஜலசந்திப் பக்கம் வீசுகிற மாதிரிக் காட்டினேன். "இனிமே யாருக்கும் உதவாதுங்க. கடல்ல போட வேண்டியதுதான்." துரை மேசையைத் தட்டினார். சாவி என் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன். பூவம்மா அடுப்படியில் நின்று, இந்த ஊர் விறகு ஏன் இப்படிப் புகைகிறது என்று திட்டுவதுகூடக் கேட்டது.

அழகப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய சட்டை மடிப்பு அன்றைக்குத்தான் முதல் தடவை கலைந்தது. பெலோரஸ், பார்பக்கிள் என்று இரண்டைக் கோடு போட்டு அடித்தார். அப்படி இங்கிலீஷே கிடையாதாம். ஒன்று கப்பலில் திசை பார்க்கிற கருவி, இன்னொன்று பீப்பாயை உருட்டி ஏற்றுகிற கயிற்றுச் சுருக்கு. இரண்டுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தவர் அவரேதான். அது போகட்டும், இரண்டு போனால் மிச்சம் நூற்றுப் பதினைந்து. அப்புறம் அவர் சுற்றியிருந்த பெட்டிகளைக் காட்டித் துரையிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை, ஆனாலும் எல்லாம் விளங்கியது. பெட்டியைப் பார்த்துக் காப்பியடித்தான் என்கிறார்.

துரையின் சிரிப்பு நின்றது. என் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டார். பெட்டியைக் காட்டினார், தன் கண்ணைத் தொட்டார், என்னைக் காட்டினார். இவன் நிமிர்ந்து பார்த்து எழுதினானா என்று கேட்கிறார். ஊமைக்கும் புரியும்.

இஞ்ஞாசி தன் கால்விரலைப் பார்த்தான்.

"யெஸ், சார்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் நான்கு வார்த்தை. அதில் இரண்டை அவன் எடுத்துக்கொண்டான்.

அழகப்பன் என் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். யாரும் எண்ணவில்லை. அதற்கப்புறம் அந்த மேசை ஆடவே இல்லை, கெட்டியான வார்த்தைகள்.

மே மாதம் நாகப்பட்டினக் கப்பலில் பிரிஜட் வந்து இறங்கினாள். துறைமுகத்துக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவள் பெட்டியைச் சுமந்தது நான்தான். குவாட்டர்ஸ் கதவில் அவர்கள் பெயரைச் சாயம் போட்டுக் கொடுத்ததும் நான்தான், புதுத் தகடு வைத்து, அழகாக. பிரிஜட் கோப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். இஞ்ஞாசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"நீ பாத்துத்தானே எழுதின லா. நாப்பது வார்த்தை சொந்தமா எழுத முடியுமா?"

அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் ஆசை பிறந்தது. அவன் எதிரில், எல்லார் முன்னாலும், சிரித்துச் சிரித்து. முதல் வருடம் தொண்ணூறு என்றேன். அவன் நாற்பதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கினான். நான் நூறு என்றேன். அவன் இரண்டோ மூன்றோ என்றான். நான் நூற்றுப் பதினேழுக்கு ஏறியபோது, மருதப்பன் அந்தப் போட்டிக்கே வரவில்லை, வாசலில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தான் என்று சொல்லிவிட்டான். இருவரும் ஒரே ஏணியில்தான் நின்றோம். நான் ஏற ஏற அவன் இறங்கினான்.

சட்டம் அடுத்த வருடம் வந்தது. அதற்குள் நானும் சும்மா இருக்கவில்லை, அறைக்கு அலைந்தேன். முகைதீன் பாய் ஒருவழியாகக் கடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு ஒதுக்கித் தருவதாகச் சொன்னபோது, பூவம்மாவுக்கு ஐந்து வருடம் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. விசேஷ அனுமதி கேட்டு மனுப் போட்டோம். என் கடிதமெல்லாம் பாய் கடை விலாசத்துக்குத்தான் வரும். அறுபதில் ஒரு ஞாயிறு, பதில் வந்தது.

பிரித்தேன். பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை என் கண்ணில் பாய்ந்தது. பெர்மிட். பி, ஈ, ஆர், மூன்றும் உள்ள வார்த்தை. தளத்தின் வாசலைத் தாண்டிப் போகலாம் என்று விட்ட பெட்டிகளின் மேல் நான் நூறு தடவை போட்டது.

"பெர்மிட் வந்திருச்சு பாய்."

"யாருப்பா படிச்சுச் சொன்னா?"

"நானேதான் படிச்சேன்."

ஓடிப்போய் லட்டு வாங்கினேன். சிராங்கூன் ரோட்டில் அன்றைக்கு லட்டு தின்னாதவன் எவனும் இல்லை. ரிக்‌ஷாக்காரர்கள், பூக்கட்டும் அம்மாமார், கட்டிப்போட்ட மாடு உட்பட. கோயிலுக்குப் போய்விட்டுப் பிரிஜட்டோடு வந்த இஞ்ஞாசியின் வாயிலும் ஒன்று திணித்தேன். அவன் மென்றுகொண்டே கடிதத்தை வாங்கினான். மெல்லுவது நின்றது.

"மருதப்பா, இதுக்கு மேல சிவப்புல ஒண்ணு குத்தியிருக்கே, பாத்தியா?"

"பாத்தேன். அதுல பி இல்ல."

"அதுலதான்டா எல்லாம் இருக்கு." அவன் லட்டை விழுங்கினான். "ரெஃப்யூஸ்ட். முடியாதுன்னு போட்டிருக்கான்."

என் கண் அப்படிப் பழகியிருந்தது. மூன்று எழுத்தும் இருந்தால்தான் நிற்கும். மற்ற வார்த்தைகளை அது தாண்டிப் போய்விடும். மிச்ச லட்டையும் கொடுத்துத் தீர்த்தேன். வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்வானா கடைக்காரன்?

அறுபத்தொன்றில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தேன். இரண்டு மாதம். தகரப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவம்மா மூடியைத் தடவிப் பார்த்து, "எம்பேரு ஏன் அங்கங்க உடைஞ்சிருக்கு?" என்றாள். இங்கிலீஷ்காரன் அப்படித்தான் எழுதுவான் என்றேன். திரும்பி வந்து மறுபடி பெட்டிகளுக்குப் பெயர் போட்டேன். மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொன்னேன்.

அறுபத்தாறில் ஒரு ஞாயிறு மத்தியானம். ஜாலான் புசார் ஆணிக்கடையிலிருந்து புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள், கதை கேட்காத காதுகள். பென்சில் புகைந்த இடத்துக்கு வந்துவிட்டேன். எதிரில் இஞ்ஞாசி வழக்கம்போல, "வாசல்ல சாயம் கலக்கிட்டிருந்தான்யா" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தான். முகைதீன் பாய் உள்ளேயிருந்து வந்து அவன் கையில் ஒரு தந்தியைக் கொடுத்தார். கடிதமானாலும் தந்தியானாலும் இங்கிலீஷ் என்றால் இஞ்ஞாசிதான் படிப்பான்.

"நேத்து சாயங்காலம் வந்திச்சு. மருதப்பனுக்கு."

இஞ்ஞாசி பிரித்தான். பார்த்தான். மடித்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல. ஊர்ல கொஞ்சம் உடம்பு சரியில்லையாம். சாப்பிடு, அப்புறம் பேசுவோம்."

எட்டு வருடம் என் புளுகைப் பிடித்தவனுக்குப் புளுகவே தெரியவில்லை. தாளை அவன் விரலிலிருந்து உருவினேன். ஒட்டின காகிதத் துண்டில் பெரிய எழுத்து. முதல் வார்த்தை தகரப் பெட்டியின் மூடியில் நான் போட்டது. இங்கே உடையாமல் முழுசாக இருந்தது. அடுத்த வார்த்தையில் ஈ இருந்தது. பி இருந்தது. ஆர் இருந்தது.

ஆணிக்கடைக்காரர்கள் கதை பாதியில் நின்றதால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை நீ படிக்க வேண்டாம், இஞ்ஞாசி" என்றேன். "இது என் தாள்ல இருந்த வார்த்தை. சிவப்புச் சாயத்துல போடுறது. துரை கேட்டாரு, நான் கையாலயே காட்டுனேன். நீதான் அப்ப சாயம் கலக்குற இடத்துல என்னையப் பாத்துக்கிட்டிருந்தியே, உனக்குத் தெரியாது."

பாய் என் முன்னால் இருந்த கிளாஸை எடுத்து, எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்தார். இஞ்ஞாசி ரொட்டியைத் தட்டில் போட்டான். விரலை வேட்டியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"நூத்திப் பதினேழு இல்ல, மருதப்பா" என்றான். "எண்பத்து மூணு. உன் தாளை வாங்கினதும் எண்ணினேன். ரெண்டு தடவ எண்ணினேன். நீ தலையத் தூக்கவே இல்ல."